எந்த மேப்பிள், எந்த வளவுக்கு?

கோடையில் உங்கள் முன்வளவிலோ தெருவோரத்திலோ நிற்கும் மேப்பிளில் ஓர் இலையைக் காம்போடு பறியுங்கள். காம்பை நடுவில் ஒடித்து மெல்ல அழுத்துங்கள். எருக்கலையை ஒடித்ததுபோல வெள்ளைப் பால் கசிந்தால், பெரும்பாலும் அது நோர்வே மேப்பிள். தண்ணீர்போலத் தெளிந்த சாறு வந்தால் அது சுகர் மேப்பிளாக இருக்கலாம். இலையை மட்டும் பார்த்து இந்த இரண்டையும் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கே சிரமம். 2013இன் தொடக்கத்தில் கனடாவின் புதிய பிளாஸ்ரிக் நாணயத்தாள்கள் பற்றி ஒரு சர்ச்சை எழுந்தது நினைவிருக்கலாம். 20 டொலர் தாளில் இருப்பது இந்த மண்ணுக்குரிய மேப்பிளின் இலையல்ல, ஐரோப்பாவிலிருந்து வந்த நோர்வே மேப்பிளின் இலை என்று ஒரு தாவரவியலாளர் சுட்டிக்காட்டினார். பல இனங்களின் சாயலை எடுத்து வரைந்த இலை அது என்று கனடா வங்கி விளக்கம் சொன்னது. 1965இலிருந்து கொடியிலேயே மேப்பிள் இலையை ஏற்றிவைத்திருக்கும் நாட்டில் நிலைமை இதுவென்றால், கடைக்குப் போய் “ஒரு மேப்பிள் கன்று தாருங்கள்” என்று கேட்கும் நம்மைக் குறை சொல்ல முடியாது.

ரொறன்ரோ, ஸ்காபுறோ, மார்க்கம், பிரம்டன் பக்கத்து வீடுகளுக்கு எந்த மேப்பிள் பொருந்தும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. நூல்களில் படித்தது, நகரசபை விதிகளில் உள்ளது, என் வளவிலும் உறவினர் வளவுகளிலும் மரங்கள் தழைத்ததையும் பட்டுப்போனதையும் கண்டது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. நாம் மேப்பிளை இலையின் நிறத்துக்காக வாங்குகிறோம். ஆனால் அதன் ஆயுளை வேர்தான் தீர்மானிக்கிறது. வேருக்கு எவ்வளவு இடம், என்ன மண், எந்தப் பக்கத்தால் உப்பு வரும் என்று பார்த்த பிறகே நிறத்துக்கு வரவேண்டும்.

மேப்பிள் என்பது ஒரு மரமல்ல. ‘ஏசர்’ என்ற பேரினத்தில் 120க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பகுதி ஆசியாவுக்குரியவை, அதிலும் சீனாவில்தான் அதிகம். முன்பு இதைத் தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். இப்போது மரபணு ஆய்வுகளை ஒட்டி, றம்புட்டான், லைச்சி, பூந்திக்கொட்டை இருக்கும் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். நம் ஊர் வேலிகளில் படர்ந்து, ரசத்துக்கும் தோசைக்கும் போகும் முடக்கொத்தானும் அந்தக் குடும்பம்தான். இதை முதலில் படித்தபோது எனக்கு இந்த மரத்தின்மேல் இருந்த அந்நியம் கொஞ்சம் விலகியது.

நோர்வே மேப்பிளிலிருந்தே தொடங்கவேண்டும், ஏனென்றால் ரொறன்ரோவின் பழைய குடியிருப்புகளில் எங்கு திரும்பினாலும் அதுதான் நிற்கிறது. 1756இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜோன் பார்ட்ரம் என்ற தாவரவியலாளர் அதை வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். இருபதாம் நூற்றாண்டில் டச்சு எல்ம் நோய் வந்து தெருக்களின் எல்ம் மரங்களை வரிசை வரிசையாக அழித்தபோது, வெறுமையான இடங்களை நிரப்ப நகரங்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டன. வாகனப் புகை, இறுகிய மண், குளிர்காலத்தில் தெருவில் கொட்டும் உப்பு, எல்லாவற்றையும் அது தாங்கும். கோடை முழுவதும் கருஞ்சிவப்பாகவே நிற்கும் ‘கிரிம்சன் கிங்’ இதன் ஒரு வகை. நம்மவர் வீடுகளின் முன் அதை நிறையக் காணலாம்.

அந்தத் தாங்கும் குணமே பின்னர் கேடானது. அதன் நிழல் மிக அடர்த்தி. வேர் மேல்மண்ணிலேயே பின்னிப் படர்ந்து ஈரம் முழுவதையும் உறிஞ்சிவிடும். மரத்தின் கீழே புல் வராது, பூச்செடியும் வராது. விதைகள் காற்றில் சுழன்று பறந்து ரொறன்ரோவின் பள்ளத்தாக்குக் காடுகளில் விழுந்து முளைத்து, அங்கே இயல்பாக வரவேண்டிய சுகர் மேப்பிள் நாற்றுகளை நிழலில் அமுக்கிவிடுகின்றன. ஓகஸ்ட்டில் அதன் இலைகளில் தார்த்துளி தெறித்ததுபோலக் கறுப்புப் புள்ளிகள் காணலாம். அது ஒரு பூஞ்சணம், பார்க்கத்தான் பயம், மரத்தைக் கொல்லாது. ஏற்கெனவே நிற்கும் நோர்வே மேப்பிளைத் தறியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், அதன் நிழலுக்கும் மதிப்பு உண்டு. புதிதாக நடுவதற்கு மட்டும் எந்தக் காரணமும் இல்லை. ‘கிரிம்சன் கிங்’குக்கும் இதே முடிவுதான்.

உள்நாட்டுப் பெருமரங்களில் சில்வர் மேப்பிள் வேகமாக வளரும். 25 மீற்றரைத் தாண்டும். இலையின் அடிப்புறம் வெள்ளி, காற்றடித்தால் மரம் முழுவதும் மின்னும். கனடாவின் பழைய தேசபக்திப் பாடலை அலெக்சாண்டர் மியூர் 1867இல் எழுதத் தூண்டியது ரொறன்ரோவின் லெஸ்லிவில் பகுதியில் நின்ற ஒரு சில்வர் மேப்பிள்தான் என்று சொல்வார்கள். அந்த மரம் 2013 யூலையில் ஒரு புயலில் சரிந்தது. அதே வருடம் டிசம்பரில் வந்த உறைமழையில் நகரம் முழுவதும் கொப்புகள் முறிந்து மின்கம்பிகளில் விழுந்ததையும், நாட்கணக்கில் இருட்டிலும் குளிரிலும் இருந்ததையும் பலர் மறந்திருக்கமாட்டார்கள். வேகமாக வளரும் மரத்தின் கட்டை மென்மையானது, பனிக்கட்டிப் பாரத்துக்கு முறியும். வேர் ஈரத்தைத் தேடிப் பழைய வடிகால் குழாய்களுக்குள்ளும் நுழையும். ஆற்றங்கரைக்கும் பூங்காவுக்கும் உரிய மரம் அது.

சுகர் மேப்பிள் பற்றி எழுதும்போது என் கை தயங்குகிறது, ஏனென்றால் இந்த நாட்டில் எனக்கு மிகப் பிடித்த மரம் அதுதான். இலையுதிர்காலத்தில் ஒரே மரத்தில் மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்பும் அடுக்கடுக்காக நிற்பதற்கு ஈடு வேறில்லை. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே பழங்குடி மக்கள் அதன் சாற்றைக் காய்ச்சி இனிப்பு எடுத்தார்கள். ஒரு லீற்றர் பாணிக்கு ஏறக்குறைய 40 லீற்றர் சாறு வேண்டும். இத்தனை பெருமையுள்ள மரம் நகரத்து முன்வளவில் மெலிந்துபோகிறது. தெரு உப்பை அது தாங்காது. இறுகிய மண்ணில் வேர் மூச்சுத் திணறும். வறட்சியில் இலை ஓரம் கருகும். ஒரு ஏக்கர் காணி உள்ளவர்கள், தெருவிலிருந்து நன்றாகத் தள்ளி, பேரப்பிள்ளைகளுக்காக இதை வைக்கலாம். 30 அடி அகல வளவில் வைத்தால் மரத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்தே துன்பம்.

ரெட் மேப்பிள் இடைப்பட்டது. 15 முதல் 20 மீற்றர் வரை வளரும். ஏப்ரலில் இலை வருமுன் சிறு சிவப்புப் பூக்களால் கொப்பெல்லாம் மூடிக்கொள்ளும். நீண்ட குளிர்காலத்துக்குப் பின் தெருவில் தெரியும் முதல் நிறங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அமிலத்தன்மை உள்ள மண் அதற்கு வேண்டும். ரொறன்ரோவைச் சுற்றிச் சுண்ணாம்புத்தன்மை கொண்ட களிமண் அதிகம். புதிய குடியிருப்புகளில் கட்டட வேலைக்காக மேல்மண்ணை வழித்தெடுத்து, அடிக்களிமண்ணை இயந்திரங்களால் மிதித்து, கடைசியில் மெல்லியதாய் மண் பரவிப் புல்லை விரித்துவிடுகிறார்கள். அந்த மண்ணில் மங்கனீசு இருந்தாலும் ரெட் மேப்பிளின் வேரால் எடுக்க முடியாது. யூன், யூலையிலேயே நரம்பு மட்டும் பச்சையாய், இடையெல்லாம் மஞ்சளாய் இலை வெளிறும். பசளை போடப் போட மரம் இன்னும் வெளிறுவதைப் பார்த்துக் குழம்பியவர்களை எனக்குத் தெரியும். வாங்குமுன் மண்ணின் கார அமிலத் தன்மையைச் சோதித்துப் பார்ப்பது அந்தப் பசளையைவிட மலிவு.

ரெட், சில்வர் இரண்டையும் கலந்து வந்தது ஃபிரீமன் மேப்பிள். 1930களில் அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் இந்தக் கலப்பைச் செய்த ஒலிவர் ஃபிரீமனின் பெயர் அதற்கு. இன்று கடைகளில் ‘ஓட்டம் பிளேஸ்’ என்று விற்பது இதன் ஒரு வகை. மண் விடயத்தில் ரெட் மேப்பிளைவிடப் பொறுமையானது, வேகமாக வளர்வது, ஒக்ரோபரில் நெருப்பாகச் சிவப்பது. குறை ஒன்று உண்டு. இரண்டு தலைக்கொப்புகள் குறுகிய கவராக எழும்பி, நடுவில் பட்டையை நெரித்துக்கொண்டு வளரும். பதினைந்து இருபது வருடம் கழித்து ஒரு புயலில் அந்தக் கவர் நடுவால் பிளக்கும். கன்றாக இருக்கும்போதே ஒரு தலையை வைத்து மற்றதை வெட்டிவிட்டால் இந்த ஆபத்து பெருமளவு நீங்கும். அந்த ஒரு வெட்டைப் பெரும்பாலோர் செய்வதில்லை.

பெருமரம் வைக்குமுன் சட்டத்தையும் யோசிக்கவேண்டும். ரொறன்ரோ நகருக்குள், தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளக்கும்போது 30 சென்ரிமீற்றர் விட்டம் வந்துவிட்ட மரத்தை, உங்கள் சொந்த வளவில் நின்றாலும், அனுமதியின்றித் தறிக்க முடியாது. அடிமரம் எல்லைக்கோட்டில் நின்றால் ஒன்ராறியோச் சட்டப்படி அது இரு வீட்டாருக்கும் பொதுச்சொத்து. வேலியை ஒட்டி வைத்த ஒரு கன்றால் அயலவர்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போன கதைகள் உண்டு. அளவு பொருந்தாத மரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைப்பது அதனால் சரிவராது.

சிறிய வளவுக்காரர்களின் கண் இயல்பாகவே ஜப்பானிய மேப்பிள் பக்கம் போகும். அதை ஜப்பானியர் ‘கஎதே’ என்று அழைப்பதற்கு மூலம் ‘தவளைக்கை’ என்ற சொல். இலையை விரித்துப் பார்த்தால் ஏன் என்று புரியும். செந்நிறமாகும் இலையைக் குறிக்கும் ‘மொமிஜி’ என்ற சொல்லும் அந்த மரத்துக்கே பெயராகிவிட்டது. இலை சிவப்பதைப் பார்க்கவென்றே மலைகளுக்கும் கோயில்களுக்கும் போவது அங்கே நூற்றாண்டுகள் பழைய வழக்கம். கியோத்தோவின் தோஃபுக்குஜி கோயிலில் நவம்பரில் திரளும் கூட்டம் நம் ஊர்த் தேர்த்திருவிழாவை ஒக்கும். ஜப்பானின் எடோ காலத்தில், இன்றைய தோக்கியோவில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த இத்தோ இஹேய், 1710இல் வெளியிட்ட நூலில் 36 மேப்பிள் வகைகளைப் பெயரோடு பதிந்தார். சுவீடனைச் சேர்ந்த கார்ல் பீற்றர் துன்பெர்க் 1784இல் இதை ஐரோப்பிய அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். 1820இல் கன்று இங்கிலாந்துக்கு வந்தது. இன்று பெயருள்ள வகைகள் ஆயிரத்துக்கு மேல்.

இத்தனை வகைகள் இருந்தும் இங்கே கடைகளில் திரும்பத் திரும்பக் கிடைப்பவை சில. ‘பிளட்குட்’ கருஞ்சிவப்பு, நிமிர்ந்து ஐந்தாறு மீற்றர் வளரும், இந்தக் குளிரை ஓரளவு தாங்கும். ‘கிரிம்சன் குயின்’ நூல்நூலாய்ப் பிரிந்த இலையோடு குடைபோலத் தொங்கும். ‘சங்கோ காக்கு’வின் இளங்கொப்புகள் குளிர்காலத்தில் பவளச் சிவப்பு. நான் பரிந்துரைப்பது ‘ஒசகாசுக்கி’. கோடையில் அது வெறும் பச்சை என்பதால் கடையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒக்ரோபர் கடைசியில் அதன் சிவப்பைக் கண்டவர்கள் பிறகு வேறொன்றைக் கேட்கமாட்டார்கள். கோடை முழுவதும் சிவந்து நிற்கும் மரத்தில் இலையுதிர்காலம் வந்ததே தெரியாமல் போகிறது. பச்சை மரம்தான் அந்த மாற்றத்தைக் காட்டும். இது என் விருப்பம், மற்றவர்கள் வேறுபடலாம்.

அந்த மாற்றம் நடக்கும் விதமும் தெரிந்துகொள்ளத்தக்கது. பகல் குறுகக் குறுக இலையில் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளித்தெரிகிறது. சிவப்பு அப்படி மறைந்திருந்ததல்ல. காம்பின் அடியில் தடுப்புத் திசு மூடிவர, இலையில் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு மரம் அதைப் புதிதாகவே செய்கிறது. வெயிலுள்ள பகலும், உறையாத குளிர் இரவும் சேர்ந்தால் சிவப்பு ஆழமாகும். நிழலுக்குள் ஒடுங்கிய மரம் சிவக்காமலே உதிர்வது இதனால்தான்.

அதற்காக ஜப்பானிய மேப்பிளை முழுவெயிலில் வைத்தால் யூலையில் இலை நுனி தீய்ந்துவிடும். காலை வெயில் விழுந்து பின்னேரம் நிழல் தட்டும் வீட்டின் கிழக்குப் பக்கம் நல்லது. வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்றுக்கு வீட்டுச்சுவரே மறைப்பாகும். மே மாதத்தில் குருத்து விரிந்தபின் ஒரு இரவு உறைபனி வந்தால் இலைகள் வெந்ததுபோலாகும். அன்று மாலை ஒரு பழைய படுக்கை விரிப்பால் மூடிவிட்டால் போதும். வாகனப்பாதையில் அள்ளும் சினோவை மரத்தின்மேல் எறியக்கூடாது, உப்பும் பாரமும் சேர்ந்து கொப்பை முறிக்கும். முயல்கள் குளிர்காலத்தில் பட்டையைச் சுற்றிவரக் கறித்துவிட்டால் மரம் தப்பாது. அடிமரத்தைச் சுற்றி ஒரு கம்பிவலை அதற்குக் காப்பு. பெயருள்ள வகைகள் எல்லாம் ஒட்டுக்கன்றுகள் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து வீரியமாய் ஒரு பச்சைத் தடி கிளம்பினால் அது அடிக்கன்றின் தளிர். ஆசைப்பட்டு விட்டுவைத்தால் சில வருடங்களில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மரம் மறைந்துவிடும்.

ஜப்பானிய மேப்பிளை நம்பி வைக்க முடியாத குளிர் இடங்களுக்குக் கொரிய மேப்பிள் உண்டு, சாயல் ஏறக்குறைய ஒன்றே, தாங்கும் சக்தி கூட. ஏர்னஸ்ட் வில்சன் 1901இல் சீனாவிலிருந்து விதை கொண்டுவந்த பேப்பர்பார்க் மேப்பிளின் பட்டை கறுவாச் சுருள்போல உரியும். விதைகளில் பெரும்பாலானவை வெறும் கோது என்பதால் கன்று அரிது, விலையும் அதிகம், வளர்ச்சியும் மெதுவு, ஆனால் 30 அடி வளவுக்கு அதைவிட அழகான மரம் எனக்குத் தெரியாது. அமூர் மேப்பிள் எந்தக் குளிரிலும் வாழும், விதையால் காடுகளுக்குள் பரவுவதால் காட்டோரத்தில் வேண்டாம். பெரிய மரங்களின் நிழல் விழும் பின்வளவுக்கு, இந்த மண்ணுக்கே உரிய ஸ்ரைப்ட் மேப்பிள் பச்சைப்பட்டையில் வெள்ளைக் கோடுகளோடு நிற்கும். அதை அதிகம் பேர் கேட்பதில்லை, கேட்டால் வரவழைத்துத் தருவார்கள்.

இனி நடுதல். மேப்பிள்கள் பெரும்பாலும் வயோதிபத்தால் சாவதில்லை, நட்ட அன்றே தொடங்கிய பிழையால் சாகின்றன. மார்க்கத்தில் என் மச்சான் வீட்டில் ஒரு ரெட் மேப்பிள் எட்டாம் வருடம் ஒரு பக்கம் பட்டுவந்தது. நானும் அவரும் ஒரு சனிக்கிழமை அடிமரத்தைச் சுற்றிக் கையாலேயே மண்ணை விலக்கினோம். ஒரு சாண் ஆழம் போயும் வேர் தொடங்கும் அகன்ற அடி தெரியவில்லை. பிறகு தெரிந்தது, கட்டைவிரலைவிடத் தடித்த ஒரு வேர். தொட்டியில் இருந்த காலத்தில் வட்டமாய்ச் சுற்றியது, அந்த வட்டத்தை விடாமலே பருத்து, மாட்டின் கழுத்தில் இறுகிய கயிறுபோல அடிமரத்துக்குள் புதைந்திருந்தது. அதை அறுத்தெடுத்தபோது மரத்தில் அதன் அச்சு அப்படியே இருந்தது. மரம் தப்பவில்லை.

தொட்டியிலிருந்து எடுத்தவுடன் வேர்க்கட்டியின் பக்கங்களைக் கத்தியால் சீவிச் சுற்றுவேர்களை அறுத்துவிடவேண்டும். சாக்கும் கம்பிக்கூடையுமாக வந்தால் மேற்பகுதியையாவது வெட்டி எடுக்கவேண்டும். கிடங்கு வேர்க்கட்டியின் இரண்டு மூன்று மடங்கு அகலம் இருக்கலாம், ஆழம் வேர்க்கட்டியின் உயரத்துக்கு மேல் வேண்டாம். அடிமரம் விரிந்து வேராகும் இடம் நிலமட்டத்தில் கண்ணுக்குத் தெரியவேண்டும். மரச்செதிலை ஐந்து முதல் பத்துச் சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரவலாம், ஆனால் மரத்தைத் தொடாமல். நம் தெருக்களில் பலர் செய்வதுபோல அதைப் புற்றுப்போலக் குவித்தால் பட்டை அழுகும். முதல் மூன்று கோடைகளுக்கு வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடவேண்டும், புல்லுக்குத் தெளிப்பது மரத்துக்குப் போதாது. தோண்டுமுன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவித்தால் காசில்லாமல் நிலத்தடிக் குழாய்களைக் குறித்துத் தருவார்கள், அறிவிப்பது சட்டப்படி கட்டாயமும்கூட.

என் சொந்த இழப்பைச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர் வளவுகளில் இது திரும்பத் திரும்ப நடக்கக்கூடியது. பின்வளவில் தெற்குப் பார்த்த பாத்தியில் பல வருடம் கத்தரியும் தக்காளியும் வைத்தேன். கடைசி இரண்டு கோடையும் கத்தரி காய்க்கிற நேரம் பார்த்து வாடியது. தண்ணீர் விட்டும் நிமிரவில்லை. சலித்து, அந்தப் பாத்தியை மூடி, ஒரு நர்சரியில் சில நூறு டொலருக்கு வாங்கிய ‘பிளட்குட்’டை அங்கே வைத்தேன். மூன்றாம் வருடம் யூலையில் ஒரு கொப்பு மட்டும் இலை உதிராமலே வாடிச் சுருண்டது. அடுத்த வருடம் மற்றொன்று. வாடிய கொப்பைச் சரிவாக வெட்டிப் பார்த்தேன். வெள்ளைக் கட்டைக்குள் பச்சை கலந்த கறுப்பாய்க் கோடுகள் ஓடின. வேட்டிசிலியம் என்ற பூஞ்சணம் அது. வேரால் ஏறி நீர்க்குழாய்களை அடைக்கும். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, ஸ்ரோபெரி, மேப்பிள், எல்லாவற்றையும் அதே பூஞ்சணம் பிடிக்கும். மண்ணில் பத்து வருடத்துக்கும் மேல் உறங்கிக் கிடக்கும். மருந்து இல்லை. கத்தரி வாடியபோதே மண் எனக்குச் சொல்லியிருந்தது, நான்தான் கேட்கவில்லை. கத்தரிப் பாத்தி இருந்த இடத்தில், முக்கியமாகக் கத்தரி வாடிய இடத்தில், மேப்பிள் வைக்காதீர்கள்.

மேப்பிளே வேண்டுமா என்ற கேள்வியும் உண்டு. 2003இல் ரொறன்ரோவுக்கும் வோனுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஆசிய நீள்கொம்பு வண்டைக் கண்டுபிடித்தார்கள். அது மரத்தைத் துளைத்து உள்ளே வளரும், அதற்கு மிகப் பிடித்தது மேப்பிள். ஏறக்குறைய 30,000 மரங்களைத் தறித்து அகற்றிய பிறகே 2013இல் ஒழிந்ததாக அறிவித்தார்கள். அதே வருடம் மிசிசாகாவில் மீண்டும் வந்தது, 2020இல்தான் ஓய்ந்தது. எல்ம் போனது, பிறகு மரகதத் துளைப்பான் வந்து ஆஷ் மரங்கள் போயின. ஒரு நகரத்தில் ஒரே இனம் பத்து வீதத்துக்கும், ஒரே பேரினம் இருபது வீதத்துக்கும், ஒரே குடும்பம் முப்பது வீதத்துக்கும் மேல் இருக்கக்கூடாது என்று ஃபிராங்க் சாந்தமூர் 1990இல் ஒரு அளவு சொன்னார். உங்கள் தெருவில் ஒருமுறை நடந்து எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு வீடு மேப்பிள் நின்றால், உங்கள் வளவுக்கு ஓக் அல்லது வேறொரு மரம் தெருவுக்கே நன்மை.

என் தெருவில் எண்ணினேன். பாதிக்கு மேல் நோர்வே மேப்பிள். அதனால் முன்வளவில் பர் ஓக் ஒன்று வைத்தேன். பின்வளவில் அந்தப் பாத்தியில் இப்போது வைட் சீடர் நிற்கிறது, ஊசியிலை மரங்களை அந்தப் பூஞ்சணம் பிடிப்பதில்லை. கிழக்குச் சுவரோரம், ஒருநாளும் காய்கறி வைக்காத மண்ணில், வேரைச் சீவி, அடியைத் தெரியவிட்டு, ஒரு ‘ஒசகாசுக்கி’ நட்டு ஆறு வருடமாகிறது. இப்போது என் தோளளவு. ஒவ்வொரு மே மாதமும் குருத்து விரியும் வாரத்தில் படுக்கை விரிப்பைக் கதவடியில் மடித்து வைத்துவிடுவேன்.